பதினேழு துளைகள்: மரத்தில் போல்ட் இறக்கி மான் வேட்டைக்கு ஏறும் நண்பர்களுக்கு

மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகும் நம் தமிழ்க் குழுவினருக்கும் அதன் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற வாரக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு என் கைக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பருவத்திலிருந்து உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு டிரில்லும் அரை அங்குல போல்ட் இருபதும் வாங்கிக்கொள்ள வேண்டும், மானுக்காக உயரத்தில் காத்திருக்க மரத்தில் துளை போட்டு அந்தப் போல்ட்டுகளையே படியாகச் செருகி ஏற வேண்டும், கயிறு கட்டி ஏறும் கழிகளை இனி யாரும் சுமக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்திருக்கிறீர்கள். நான் அனுப்பியிருந்த எதிர்ப்பையும் யாரோ அங்கே வாசித்திருக்கிறார். அதற்குக் கிடைத்த பதில் ஒரே வரிதான்: "மரம் தானாக ஆறிவிடும், அண்ணாச்சி கவலைப்பட வேண்டாம்."

ஆறாது. ஏன் ஆறாது என்பதை இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு முறையும் கட்டைவிரல் படம்தான் வந்தது. இப்போது ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் இருக்கும் நம் ஆட்கள் உங்களைப் பார்த்து இதே முறையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காடிலாக் நகரைத் தாண்டி எனக்கு 38 ஏக்கர் காடு இருக்கிறது. தமிழில் எழுதும்போது அந்த ஊர்ப் பெயர் 'காடில்லா' என்று காதில் விழுவது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது உண்மையாகவும் இருந்தது. அந்த வட்டாரத்து வெள்ளைப் பைன் மரங்களை மர வியாபாரிகள் மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். இன்று என் நிலத்தில் நிற்கிற ஓக்கும் மேப்பிளும் அந்த மொட்டைத் தலையில் மறுபடி முளைத்தவை. கார்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்து கேட்டபோது, ஒரு காசும் வாங்காமல், வேட்டைக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தேன். அந்தக் கடிதத்தில், 'மரங்களுக்குச் சேதம் கூடாது' என்ற வரி என் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது.

வேட்டைக்கு நான் எதிரி என்று யாரும் திரித்துவிட வேண்டாம். மான் கறி என் வீட்டிலும் சமைக்கப்படுகிறது, மிளகு தூக்கலாக. மிச்சிகனில் ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மானோடு மோதுகின்றன. என் காட்டில் முளைக்கும் ஓக் கன்றுகளில் வேலி போடாதது எதுவும் முழங்கால் உயரம் தாண்டுவதில்லை, எல்லாம் மான் வாய்க்குப் போகிறது. மானைக் குறைக்க ஆள் வேண்டும் என்றுதான் உங்களுக்குக் கதவைத் திறந்தேன். கன்றுகளைக் காப்பாற்ற அழைத்தவர்களே தாய்மரத்தைத் துளைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் இரண்டாம் வாரம். மோரெல் காளான் தேடி வடக்கு மேட்டுப் பக்கம் போனேன். டிரில்லியம் பூக்கள் தரையெல்லாம் வெள்ளையாக விரிந்திருந்தன. ஓரிடத்தில் மட்டும் பூக்களின் மேல் வெளிர் சிவப்பில் ஏதோ சிதறிக் கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன், மரச் சுருள்கள். ஈரம் காயவில்லை. நிமிர்ந்தால், சிவப்பு ஓக்கின் உடம்பில் இடமும் வலமுமாக மாறி மாறி மேலே போகும் துளைகள். ஏணி வைத்து ஏறி எண்ணினேன்: பதினேழு. ஒவ்வொன்றும் எங்கள் மில் கணக்கில் நாலு நூல் கனம், அதாவது அரை அங்குலம். என் பேனாவை விட்டுப் பார்த்தேன், மூன்று அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது.

எங்கள் மில் என்று எழுதிவிட்டேன். என் அப்பா செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நாற்பது ஆண்டு நின்றவர். பள்ளி விடுமுறையில் நான் அங்கேதான் கிடப்பேன். ஒரு தடி வந்து இறங்கினால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எங்கே நின்ற மரம்?" என்பதுதான். வீட்டோரம் நின்ற வேம்பு என்றால் முகம் சுளிப்பார். துணிக்கொடி கட்டிய ஆணி, மாட்டுக் கயிறு மாட்டிய கொக்கி, தேர்தல் தட்டி அடித்த ஆணி என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். புளியமரம் என்றால் இன்னொரு பயம். பேயோட்டுபவர்கள் முடியைச் சுற்றி அடித்த ஆணி இருக்கும். அந்த ஆணியில் ரம்பம் பட்டால் பேய் வந்ததோ இல்லையோ, பல் பறந்து வந்தது. ஒருவருடைய கன்னத்தில் அப்படிப் பறந்த பல் விட்ட தழும்பை நான் பார்த்திருக்கிறேன். ஆணி அடித்தவன் யார் என்று மில்லில் யாருக்கும் தெரியாது. அடித்தவனுக்கும் மில் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

நீங்கள் சொல்வீர்கள்: "நாங்கள் ஆணி அடிக்கவில்லை. துளை போட்டு, போல்ட்டைச் செருகி ஏறி, இறங்கும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்." எல்லாவற்றையும் எடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கரை வெள்ளை ஓக்கில் இரண்டு போல்ட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. மரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் கழற்ற வரவில்லை போலும். அதைச் சுற்றிக் கருநீலமாக ஒழுகிக் கிடக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் என்பது நம் பாட்டிமார் அறிந்த சங்கதி. ஓக்கில் கடுக்காயில் உள்ள அதே துவர்ப்புச் சத்து இருக்கிறது. இரும்பு பட்ட இடமெல்லாம் மரம் உள்ளேயும் அப்படித்தான் மையாகும். பலகைக்கு அந்தத் தடி இனி உதவாது.

போல்ட்டை எடுத்துவிட்ட மரங்களுக்கு வருகிறேன். 'ஆறிவிடும்' என்ற உங்கள் சொல்லில்தான் தவறு தொடங்குகிறது. நம் தோலில் கீறினால் அந்த இடத்திலேயே புதுச் சதை வளர்ந்து பழையதை மாற்றுகிறது. மரத்தால் அது முடியாது. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, காயத்துக்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். 1977-இல் அது விளக்கமாக வெளியானது. மரம் காயத்தைக் குணப்படுத்துவதில்லை, சுவர் கட்டி அடைத்து வைக்கிறது என்பது அவர் கண்டது. காயம் பட்ட அன்று இருந்த மரம் என்றைக்கும் காயம்பட்ட மரம்தான். அதைச் சுற்றிப் புதிதாக வளர்வது மட்டுமே சுத்தமானது. வெளியே பட்டை மூடிக்கொள்வதைப் பார்த்து நீங்கள் ஆறிவிட்டது என்கிறீர்கள். அது வீட்டுக்குள் ஒரு அறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தது மாதிரி.

அந்தச் சுவர்களில் மேலும் கீழும் கட்டுவதுதான் பலவீனமானது, ஏனென்றால் தண்ணீர் போகும் குழாய்கள் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. அதனால் கறையும் அழுகலும் பக்கவாட்டில் பரவுவதைவிட மேலும் கீழும் நீளமாகப் பரவும். இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. போன அக்டோபரில் காற்றில் சாய்ந்த ஒரு மேப்பிளில் உங்கள் பழைய துளைகள் இருந்தன, முதல் பருவத்தில் போட்டவை. வெளியே பட்டை அழகாக மூடியிருந்தது. கோடரியும் ஆப்பும் வைத்துப் பிளந்தேன். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி, பச்சையும் பழுப்பும் கலந்த கறைக் கோடு ஓடியிருந்தது. ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு துளைகளின் கறை நடுவில் ஒன்றாகச் சேர்ந்தே விட்டது. அந்தத் துண்டு என் கொட்டகையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

உங்களில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, நீங்களே மேப்பிளில் துளை போட்டுப் பாகு எடுக்கிறீர்களே?" நல்ல கேள்வி. குழுவில் அதுவரை யாரும் கேட்காத உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். ஆமாம், மார்ச் மாதம் நானும் துளை போடுகிறேன். என் துளை அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு கனம், ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் ஆழம். ஒரு மரத்தில் ஒன்று, மிகப் பெரிய மரமாக இருந்தால் இரண்டு. இடுப்பு உயரத்துக்கு மேலே போவதில்லை. துளை வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும், சாறு வடிய வேண்டுமே. பருவம் முடிந்ததும் அது காய்ந்துவிடும். உங்கள் துளையோ போல்ட் நழுவாமல் இருக்க உள்நோக்கிச் சரிந்திருக்கிறது. போல்ட்டை உருவிய பிறகு அது மழைநீர் தேங்கும் கிண்ணம். என் துளைகளால் அந்த மரத்தின் அடித்தடி மதிப்பு குறைகிறது என்பதும் எனக்குத் தெரியும். பாகு எடுத்த மேப்பிளைப் பலகைக்கு வாங்குபவர் விலை குறைத்துத்தான் கேட்பார். ஆனால் அது என் மரம், என் கணக்கு, நான் தெரிந்தே கொடுக்கும் விலை. நீங்கள் அடியிலிருந்து இருபது அடி உயரம்வரை துளைக்கிறீர்கள். மரத்தின் விலையில் பெரும்பகுதி அந்த முதல் பதினாறு அடித் தடியில்தான் இருக்கிறது. அதில் ஒரு துண்டுகூட முழுதாக மிஞ்சவில்லை.

பலகை போனால் போகட்டும், விறகாக்கிக்கொள்ளலாம். அந்த மே மாதத் துளைகள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் இந்த மடலை இவ்வளவு நீளமாக்குகிறது.

ஜூலை கடைசியில் மேட்டு ஓக்கின் உச்சி இலைகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறத் தொடங்கின. நடுக்கோடை, நல்ல மழை பெய்த ஆண்டு. ஆகஸ்ட் பாதிக்குள், பாதிப் பச்சையாக இருந்த இலைகளும் சேர்ந்து கொட்டிவிட்டன. கிளையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினேன். ஓக் வாடல் நோய் என்று பதில் வந்தது. அது ஒரு பூஞ்சை. மரத்தின் நீர்க்குழாய்களில் ஏறும்போது மரம் அதைத் தடுக்கத் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது, கடைசியில் தாகத்தில் சாகிறது. வெள்ளை ஓக் சில ஆண்டுகள் தாங்கும். சிவப்பு ஓக்குக்குச் சில வாரங்கள் போதும்.

இந்தப் பூஞ்சையைச் சுமந்து வருவது கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு சாறுண்ணி வண்டு. புதுக் காயத்தில் கசியும் சாற்றின் வாசனைக்கு அது வரும். அதனால்தான் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை ஓக் மரத்தில் கத்தியே வைக்காதீர்கள், தவறிக் காயம் பட்டால் உடனே பெயிண்ட் பூசுங்கள் என்று மிச்சிகன் இயற்கைவளத் துறை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் துளை போட்டது மே மாதம் இரண்டாம் வாரம். வண்டு உங்கள் துளை வழியாகத்தான் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது. அந்த வசந்தத்தில் அந்த மேட்டில் கிளை முறிந்த மரம் இல்லை, நான் வெட்டிய மரமும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் பங்குத் தவறையும் மறைக்கவில்லை. துளைகளைப் பார்த்த அன்றே பெயிண்ட் பூசியிருக்க வேண்டும். இந்தத் தேதிக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே காளானோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு மரத்தோடு அது முடியாது. பக்கத்துப் பக்கத்து ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். நோய் அந்த வழியாக அடுத்த மரத்துக்கு நடந்துபோகும். அதைத் தடுக்க ஐந்தடி நீளக் கத்தி பொருத்திய அதிர்வுக் கலப்பையைக் கொண்டுவந்து, நோய்ப்பட்ட மரத்தைச் சுற்றி மண்ணைக் கிழித்து வேர்த் தொடர்பை அறுக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு உள்ளே அகப்பட்ட மூன்று நல்ல ஓக் மரங்களையும் சேர்த்து வெட்டினோம். வெட்டிய விறகைச் சும்மா அடுக்கவும் முடியாது. அடுத்த வசந்தத்தில் பட்டைக்கடியில் பூஞ்சை பாயாக விரிந்து, பழ வாசனை விட்டு, மறுபடி வண்டைக் கூப்பிடும். பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கெல்லாம் என் ஓய்வூதியத்தில் நான்கு மாதத் தொகை போயிற்று. மேட்டு மரத்தின் அடிக்கட்டையில் வளையங்களை எண்ணினேன். 112 வரை தெளிவாக வந்தது, நடுவில் சில கலங்கியிருந்தன.

நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. என் தாய்மாமா உடன்குடிப் பக்கம் பனையேறி. காலில் தளைநார் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்குவார், காலையிலும் மாலையிலும். மரத்தில் ஒரு கீறல் போட்டதில்லை. நம்மவர்கள் எல்லாரும் அப்படி என்று பெருமை பேசவும் மாட்டேன். தென்னையில் வெட்டுப் படி போட்டு ஏறியவர்கள் நம் ஊரில் உண்டு. அந்த வெட்டுகளின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும், புழு உள்ளே குடைந்து தென்னை தலை சாயும். படி வெட்டாதீர்கள் என்று வேளாண்மைத் துறையினர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். காயம், வாசனை, வண்டு, சாவு. கடல் கடந்து வந்து அதே பாடத்தை ஓக் மரத்தில் படிக்க வேண்டுமா?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் காணாமல் இல்லை. கழிகள் கனம். இருட்டில் கட்டும்போது ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அரசு நிலத்தில் கட்டி வைத்துவிட்டு வந்தால் அடுத்த நாள் காணாமல் போகும். வளைந்த மரத்தில் பட்டி சரியாகப் பிடிக்காது. இருபது போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அடுத்த மரத்துக்கும் அதே போல்ட். வேலை சுலபமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுலபத்தின் செலவில் ஒரு காசுகூட உங்கள் கணக்கில் ஏறவில்லை. அந்தச் செலவைக் கட்டுவது மரத்துக்குச் சொந்தக்காரர், இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதை அறுக்கப்போகும் மில்காரர், உங்களுக்குப் பின்னால் அதே துளையில் கால் வைக்கப்போகிற ஆள்.

அந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். போன நவம்பர் 15, துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாள். உங்கள் குழுவில் இளையவர் ஒருவர் இரண்டு ஆண்டுப் பழைய துளைகளில் போல்ட் செருகி ஏறினார். எட்டடி உயரத்தில் ஒரு போல்ட் மெல்லத் தாழ்ந்து அவரைக் கீழே விட்டது. இடுப்புக் கயிறு மரத்தைச் சுற்றி இருந்ததால் பட்டையில் தேய்ந்துகொண்டே இறங்கினார், முன்கைத் தோலோடு போயிற்று. நான்தான் என் சமையலறையில் கட்டுப் போட்டுவிட்டேன். அந்தத் துளையைப் பிறகு விரலால் தடவினேன், உள்ளே மரம் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. போல்ட் எவ்வளவு உறுதியான எஃகாக இருந்தும் பயனில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது மரம், அந்த மரத்தை அழுகவைப்பது அந்தத் துளையேதான். இந்த விபத்தைக் கூட்டத்தில் ஒருவர்கூட எழுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அதுதான் எனக்கு முடிவைவிட அதிகம் வருத்தம் தந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். மிச்சிகனில் பொது நிலத்தில், மரமேற உதவும் எந்தச் சாதனத்துக்காகவும் மரத்தின் வளர்படலத்தைத் துளைக்கும் எந்தப் பொருளையும் பயன்படுத்தக் கூடாது. பட்டைக்கு அடியில் இருக்கும் அந்த மெல்லிய உயிருள்ள படலம்தான் எல்லை. ஆணி, திருகுப்படி, போல்ட் என்று அது பெயர் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் உரிமம் வாங்கும்போது பார்க்கும் விதித் தொகுப்பிலேயே அது இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் ஒருவர், "போல்ட்டைக் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டாராம், எல்லாரும் சிரித்தார்களாம். அரசுக் காட்டில் நம் பெயரில் ஒருவர் பிடிபட்டால் சிரிப்பவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள். பென்சில்வேனியா நண்பர்களுக்கும் சொல்கிறேன்: அங்கே பொது நிலத்தில் மரத்தைச் சேதப்படுத்தும் பரணும் ஏறுசாதனமும் தடை. தனியார் நிலத்தில் நிலக்காரர் அனுமதி இல்லாமல் அதைச் செய்வதும் தடை. வேட்டைக்குக் கொடுத்த அனுமதியைத் துளைப்பதற்குக் கொடுத்த அனுமதியாக நீட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி நான் கேட்பவை.

சென்ற வாரத் தீர்மானத்தை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். டிரில்லையும் போல்ட்டையும் உங்கள் சாமான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மரத்துக்குள் புகும் எதையும் குழு உறுப்பினர் எவரும், எவர் நிலத்திலும் பயன்படுத்த மாட்டார் என்று எழுதுங்கள். மற்ற மாநிலக் குழுக்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்முறைக் காணொளியையும் நீக்கி, நீக்கியதற்கான காரணத்தைச் சொல்லுங்கள்.

இந்த நான்கு ஆண்டுகளில் நீங்கள் துளைத்த ஒவ்வொரு மரமும் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு வரைபடம் வேண்டும். என் காட்டில் இதுவரை ஐந்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், இன்னும் இருக்கலாம். எந்த மாதம் துளைத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொடுங்கள், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை துளைத்த ஓக் மரங்களை நான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அரசு நிலத்தில் துளைத்தவை இருந்தால் அந்தப் பட்டியலை வன அலுவலகத்துக்கு நீங்களே கொடுங்கள். அபராதம் வந்தால் வரட்டும், நோய் பரவிய பிறகு அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட அது மேல்.

ஓடைக்கரை வெள்ளை ஓக்கில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளைப் பிடுங்க முயல வேண்டாம். இழுத்தால் காயம் பெரிதாகும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தடி என்றாவது மில்லுக்குப் போனால் அறுப்பவருக்குத் தெரிய, அடிமரத்தைச் சுற்றிப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டிருக்கிறேன். உங்கள் வரைபடம் வந்ததும் மற்ற துளைத்த மரங்களுக்கும் அதே வளையம் போட வேண்டும். அந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமை நான்கு பேரை அனுப்புங்கள்.

பழைய துளைகளில் போல்ட் செருகி ஏறுவதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் மரத்தைப் பற்றி நான் பேசவில்லை. அன்று சறுக்கிய தம்பிக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

கலப்பைக்கும் மரம் வெட்டியதற்கும் ஆன செலவில் பாதியைக் குழு ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். மீதிப் பாதி என்னுடையது. பெயிண்ட் பூசாமல் போனவன் நான். பற்றுச்சீட்டுகள் கொட்டகையில் இருக்கின்றன.

வேட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. நைலான் பட்டியால் மரத்தைச் சுற்றிக் கட்டும் கழிகளில் இரண்டு தொகுதி வாங்கி வைத்திருக்கிறேன். மோதிச் சத்தம் போடும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறேன், இப்போது தட்டினாலும் கேட்காது. திருட்டுப் பயம் என் காட்டில் இல்லை, கட்டியதைப் பருவம் முழுக்க அப்படியே விட்டுப் போகலாம். தெற்கு ஓரத்தில், மான் தடம் ஓடையைக் கடக்கும் இடத்துக்கு எதிரே, தரையில் ஒரு மறைப்புக் குடிலும் கட்டியிருக்கிறேன். உட்கார்ந்தே சுடலாம்.

செப்டம்பர் 25-க்குள் பொறுப்பாளர்களின் கையெழுத்தோடு பதில் வர வேண்டும். வந்தால், வில் பருவம் தொடங்கும் அக்டோபர் 1 விடியற்காலை காப்பியோடு வாசலில் நிற்பேன். வராவிட்டால், நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அனுமதிக் கடிதம் அன்றோடு செல்லாது. வாசல் சங்கிலியில் பூட்டு தொங்கும்.

இப்படிக்கு,
மேட்டில் நான்கு ஓக் மரங்கள் குறைந்த காட்டின் சொந்தக்காரன்